ஒன்பதாவது பொந்து

சென்னை-28,
7-10-1979, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

பங்கஜம் வணக்கத்தோடு எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை, அங்கிருந்து லீவில் வந்த சர்தார் பாய் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார். 'நல்லா கீறாரும்மா, ஒரு சுத்து பெருத்துட்டாரு' என்றார். பஹ்ரைன் சாப்பாடு அப்படி ஒத்துப்போகிறதாக்கும். ஆகவே உங்கள் நலம் கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை.

அவரிடம் கொடுத்துவிட்ட சாமான்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. அத்தைக்குக் கம்பளிப் போர்வை. இந்த ஊர் வெயிலில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே, அதை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சேலை. நிறம் நன்றாக இருக்கிறது, யார் எடுத்துக் கொடுத்தது? நீங்களாக எடுத்திருந்தால் வழக்கம்போலப் பச்சையாக இருந்திருக்கும்.

அப்புறம் அந்தப் பெட்டி. அட்டையைப் பிரிக்கும்வரை அது தையல் மிஷின் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். உள்ளே டைப்ரைட்டர் மாதிரி தட்டையாக ஒன்று, அதிலிருந்து வால் போல இரண்டு ஒயர், ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் குச்சி வைத்த ஒரு கைப்பிடி. கூடவே உங்கள் கடிதம். உங்கள் கம்பெனியில் இருந்த டச்சு எஞ்சினீயர் ஊரைப் பார்க்கப் போகும்போது இதை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகவும், டி.வி.யில் மாட்டினால் கோல்ஃப் ஆடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒன்பது குழியையும் முடிக்க உங்களுக்கு ஐம்பது அடிக்கு மேல் ஆகிறது என்பதையும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி. 'நீ நாற்பது அடிக்குள் முடித்துக் காட்டு, அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறேன்.'

விளையாட்டாக எழுதினீர்களா, நிஜமாக எழுதினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. நான் வாத்தியாரம்மா. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் மார்க் போடுவேன். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இது ஐந்தாவது வருஷம். நடுவில் வந்தது ஒரே ஒரு முறை, அதிலும் பாதி நாள் திருநெல்வேலியில் சொந்தக்காரர்கள் வீட்டு இலையில் போனது. ஒவ்வொரு தீபாவளிக்கும் 'அடுத்த தீபாவளிக்கு' என்கிறீர்கள். இந்தத் தடவைதான் முதன்முதலாக நான் செய்வதற்கும் ஏதோ ஒன்று வைத்திருக்கிறீர்கள். விடுவேனா?

பெட்டியை மாட்டியதும் படம் வரவில்லை. வெறும் மழைதான் பெய்தது. ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சொல்லி அனுப்பி ஜவஹரை வரவழைத்தேன். உங்கள் பழைய சிநேகிதர் இன்னும் அதே வேகம். டி.வி.யின் முதுகைக் கழற்றி உள்ளே தலையை விட்டுக்கொண்டே, 'இது வேற தேசத்து சேனல்ல பேசுது அண்ணி, நம்ம டி.வி.க்கு அது காதுலயே வுழல. இருங்க, இன்னா பண்றேன் பாருங்க' என்றார். என்ன பண்ணினாரோ, சாயங்காலம் காபி ஆறுவதற்குள் படம் வந்துவிட்டது.

படம் என்றால் என்ன? ஒரு குட்டி மனிதன், கையில் மட்டை. சோளப்பொரி அளவுக்கு ஒரு பந்து. அங்கங்கே கட்டம் கட்டமாக மரங்கள். தூரத்தில் ஒரு கொடி. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் அவன் மட்டையைப் பின்னால் தூக்கிக்கொண்டே போகிறான், விட்டால் அடிக்கிறான். எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு தூரம் பந்து போகிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். முதல் அடி மரத்துக்குள் போனது. இரண்டாவது அடி அதே மரத்தின் மறுபக்கம். மூன்றாவது, நின்ற இடத்திலிருந்து ஒரு சாண்கூட நகரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான். 'வெளக்கு வெக்கிற நேரத்துல என்னட்டி குழி குழிங்க? பொந்துன்னு சொல்லு' என்றார்கள். ஆகவே இந்த வீட்டில் இனி அதற்குப் பெயர் பொந்து. முதல் பொந்தைத் தாண்டுவதற்கே முப்பது அடிக்கு மேல் ஆயிற்று. நீங்கள் அங்கே நிம்மதியாக இருங்கள், இப்போதைக்கு விமானம் ஏற வேண்டி வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை ஆசீர்வாதம் சொன்னார்கள். சேலையைத் தீபாவளிக்குக் கட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்கஜம்.


சென்னை-28,
28-10-1979, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பங்கஜத்தின் வணக்கம். தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. அத்தை உங்கள் பங்குக்கு ஒரு கிண்ணம் எண்ணெய் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பிறகு அதையும் என் தலையிலேயே தேய்த்துவிட்டார்கள். சேலையை எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். 'மாப்பிள்ளை எப்ப வர்றாரு' என்று கேட்காதவர்கள் மட்டும் அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சட்டம் போடலாமா என்று யோசித்தேன். யாருமே தொட்டிருக்க முடியாது.

உங்கள் பதில் கிடைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்து, கை ஆடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அடக்கிப் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது, பந்து அதன் பாட்டுக்கு மரத்துக்குத்தான் போனது. ஐம்பது அடி அடிக்கிறவரிடம் யோசனை கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

என் சங்கடம் என்னவென்று சரியாகச் சொல்கிறேன். எனக்கு அடிக்கத் தெரியாமல் இல்லை. ஓர் அடி, பார்த்தால் நம்ப மாட்டீர்கள், கொடிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. உடனே அதே மாதிரி இன்னொன்று அடிக்கலாம் என்று அதே விரல், அதே நாற்காலி, அதே மாதிரிதான் அழுத்துகிறேன். பந்து பாதி வழியில் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் மைதானத்தையே தாண்டிவிடுகிறது. ஒரு முறை செய்ததை மறுமுறை அதே மாதிரி செய்வது இவ்வளவு கஷ்டமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் 'ஒரே மாதிரி எழுது, எழுத்து பெரிசும் சின்னதுமாகப் போகிறது பார்' என்று தினமும் சொல்கிறேன். இனிமேல் சொல்லும்போது கொஞ்சம் யோசிப்பேன்.

காரணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் நம் டி.வி.யில் படம் சுருங்குகிறதே, அதுதான் மட்டைக்காரனுக்கும் தெம்பு இல்லாமல் பண்ணுகிறதோ என்று காலையில் அடித்துப் பார்த்தேன். காலையிலும் அதே கதைதான். பிறகு விரலில் எண்ணெய்ப் பசை இருக்குமோ என்று சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். சுவர்க் கடிகாரத்தின் டிக் சத்தத்தை வைத்து அழுத்தலாம் என்றால், ஒரு டிக் பற்றவில்லை, இரண்டு டிக் அதிகம். ஜவஹரிடம் பொத்தானில்தான் ஏதோ கோளாறு என்று சொன்னேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, 'பொத்தான் மேல பழி போடாதீங்க அண்ணி, அது சொன்ன பேச்சு கேக்குது' என்று சிரித்தார். 'அப்படியானால் நீங்கள் அடித்துக் காட்டுங்கள்' என்று குச்சியைக் கையில் கொடுத்தேன். அவர் அடித்த பந்து திரைக்கு வெளியே போய்த் திரும்பி வரவே இல்லை. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிஜமான ஆட்டத்தைப் பார்த்தால் ஏதாவது புரியுமோ என்று தோன்றியது. தீபாவளிக்கு மறுநாள் லீவுதானே. நந்தனத்தில் மவுண்ட் ரோடு ஓரமாக அந்த மைதானம் இருக்கிறதே, பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்துவிட்டு மாடு மேய்க்க நல்ல இடம் என்று நினைத்திருக்கிறேன், அங்கே நடந்தே போனேன். வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பருத்த மனிதர் பந்துக்கு முன்னால் நின்று, பந்தைத் தொடாமலேயே மட்டையைக் காற்றில் வீசிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. எனக்குப் புதிதாகத் தெரிந்தது என்னவென்றால், ஒவ்வொரு முறை வீசும்போதும் அவர் உதடு அசைந்தது. என்னவோ முணுமுணுக்கிறார். என்னவென்றுதான் கேட்கவில்லை.

காவல்காரர் வந்து, 'இன்னாம்மா, யாரத் தேடற?' என்றார். யாரையும் தேடவில்லை, அவர் எப்படி ஒரே மாதிரி அடிக்கிறார் என்று பார்க்கிறேன் என்றேன். 'அவுரா? அதத்தான் அவுரும் ரொம்ப வருசமா தேடிக்கினு கீறாரு' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து அவர் பந்து புதருக்குள் போனது. சிரிக்கக் கூடாதுதான், எனக்கு மனதுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

ஆனால் அந்த முணுமுணுப்பை நான் விடப்போவதில்லை. அதில் ஏதோ இருக்கிறது.

மழைக்காலம் வருகிறது, அங்கே குளிரும் என்று சர்தார் பாய் சொன்னார். கம்பளியை அத்தைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் என்ன போர்த்திக்கொள்கிறீர்கள்? அதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்கஜம்.


சென்னை-28,
18-11-1979, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, எல்லோரும் சௌக்கியம். எழுதுவதற்கே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அதனால் சொன்னேன்.

முணுமுணுப்பில் விஷயம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? முதலில் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். 'ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு' என்று சொல்லி முடிக்கும்போது பொத்தானை விடுவது என்று ஏற்பாடு. இரண்டு பொந்து வரைக்கும் நன்றாக வந்தது. பிறகு கொடி பக்கத்தில் வர வர எனக்கு ஆவல் தாங்கவில்லை, வாய்ப்பாடு ரயில் வேகத்தில் ஓடியது. பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையைச் சொன்னேன். அதுவும் அப்படித்தான். நன்றாகத் தெரிந்ததை எல்லாம் வாய் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறது. பதறினால் வேகம், சலித்தால் இழுவை. கை வாயைப் பின்பற்றுகிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே, உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. உறை மேல் எழுதுவேன், வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அத்தையைக் கை காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் சமயக்குரவர் நால்வர் பாடம் வரும்போது மூன்று பேரைப் பெயர் சொல்லி நடத்திவிட்டு, நான்காமவரைப் பலகையில் எழுதிப்போட்டு 'இவர்' என்பேன். பிள்ளைகள் வேண்டுமென்றே 'யாரு டீச்சர், யாரு டீச்சர்' என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

போன சனிக்கிழமை மத்தியானம். அத்தை பின்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குட்டி மனிதன் மரத்துக்குள் நின்றுகொண்டு, எத்தனை அடித்தாலும் வெளியே வருவேனா என்கிறான். இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல், நம் பஸ் ஸ்டாப்பில் டிபன் பாக்ஸோடு நீங்கள் நிற்பீர்களே, அதே நிலை. எனக்குக் கோபம் வந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டே, 'எப்போதுதான் வருவதாக உத்தேசம்' என்று கேட்க வந்தவள், அதற்கு முன்னால் உங்கள் முழுப் பெயரையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த அதிர்ச்சியில் விரலை எடுத்துவிட்டேன்.

பந்து மரத்துக்குள்ளிருந்து நேராகக் கிளம்பிக் கொடிக்குப் போனது.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தேன். பிறகு, நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும், இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அதே தூரம். மறுபடியும் அதே தூரம். காரணம் யோசித்துப் பார்த்தேன். பழகாத பெயர், அதனால் அவசரப்பட வரவில்லை. ஒவ்வோர் எழுத்தும் நாக்கைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது. எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை சொல்கிற மாதிரியே இருக்கிறது. தூரமாக அடிக்க முழுப் பெயர், நடுத்தரத்துக்குப் பாதி, பொந்துக்குப் பக்கத்தில் வந்ததும் முதல் எழுத்து மட்டும். எனக்கு வீச்சு கிடைத்துவிட்டது, அத்தான். சந்தோஷத்தில் குரல் எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியாது.

திடீரென்று கதவு திறந்தது. அத்தை. முழங்கை வரை மாவு. 'மாணிக்கவாசகம் வந்துட்டானா?' என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தார்கள். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். 'யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாவளே, நான் கேட்டேனே' என்றார்கள். இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல அவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அதனால், யாரோ தெருவில் உங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றே நினைத்துவிட்டார்கள்.

நான்தான் சொன்னேன் அத்தை என்றேன். என்னைப் பார்த்தார்கள். டி.வி.யைப் பார்த்தார்கள். கை மாவோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலேயே, 'இன்னொரு மட்டம் சொல்லு பாப்போம். நம்ம வீட்டுல அந்தப் பேரு கேட்டு எம்புட்டு நாளாச்சு' என்றார்கள். சொன்னேன். அவர்களுக்கு முன்னால் சொல்வது மகா கஷ்டமாக இருந்தது. அந்த அடியும் நேராகத்தான் போனது.

இது தப்பா, சரியா, நீங்களே சொல்லுங்கள். ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். நான் கோவிலுக்குப் போய் உங்கள் பெயருக்கே ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அங்கே குருக்கள் பெயர் கேட்டபோது பழைய நினைவில் அத்தையைத் தேடினேன். பிறகு நானே சொன்னேன்.

உடம்பு பத்திரம். அத்தை ஆசீர்வாதம்.

அன்புடன்,
உங்கள் பங்கஜம்.


சென்னை-28,
15-12-1979, சனி.

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். சர்தார் பாய் லீவு முடிந்து திங்கட்கிழமை புறப்படுகிறார். தபாலைவிட அவர் சீக்கிரம் வருவார் என்பதால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே எள்ளுருண்டை இருக்கிறது. அவருக்கும் தனியாகக் கொடுத்திருக்கிறேன், உங்கள் பொட்டலத்தில் கை வைக்க மாட்டார்.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கச் சொல்கிறார்கள், சம்பளம் கூட்டித் தருகிறார்கள், வருஷ முடிவுக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும், 'என்ன செய்யலாம் என்று நீயும் அம்மாவும் யோசித்து எழுதுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பளியைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். பெயர் சொன்னதற்கு, 'ஆயுசு ஒன்றும் குறையவில்லை, பசிதான் கூடியிருக்கிறது' என்று கேலியும் செய்திருக்கிறீர்கள். நாற்பது அடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

யோசித்து எழுதுவதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கிடைத்த வீச்சு நிலைக்கவில்லை. ஏன் தெரியுமா? சொல்லிச் சொல்லி உங்கள் பெயர் என் வாய்க்குப் பழகிவிட்டது. வாய்ப்பாடு மாதிரி அதுவும் ஓட ஆரம்பித்துவிட்டது. பந்து மறுபடியும் மரம், மறுபடியும் புதர். நான் குச்சியைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டேன். அத்தைதான் எடுத்துக்கொண்டு வந்து, 'நீ அழுத்து, பேரை நான் சொல்லுதேன்' என்றார்கள்.

நீங்கள் சின்னப் பையனாகத் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது சாப்பிடக் கூப்பிடுவார்களாமே, அதே கூப்பாடு. கடைசி எழுத்தை இழுத்து ஒரு நிறுத்து. எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒரு நூல் கூடுவதில்லை, குறைவதில்லை. அவர்கள் பந்தைப் பார்ப்பதே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள், நான் திரையைப் பார்த்துக்கொண்டு அழுத்துகிறேன். மூன்று நாளில் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டோம், உங்களை ஜெயித்தாயிற்று. தெருவில்தான் ஒரு குழப்பம். வீட்டுச் சொந்தக்காரர் தனபாலன் ஓடி வந்து, 'தம்பி வந்துட்டாராமே, எங்க?' என்று உள்ளே எட்டிப் பார்த்தார். இல்லை, டி.வி.யில் ஆடுகிறோம் என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொன்னார். நல்ல மனிதர்.

இன்று காலை எட்டு பொந்தும் முடிந்தது. அத்தைக்குக் குரல் கம்மியிருந்தது, வெந்நீர் குடித்துக் குடித்துக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது பொந்துக்கு வந்தோம். திரையின் மூலையில் முப்பத்தெட்டு என்று காட்டுகிறது. பந்து பொந்துக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. பொத்தானைத் தொட்டு எடுத்தால் போதும். பெயர்கூட வேண்டாம். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, 'தட்டுட்டி, தட்டு' என்கிறார்கள்.

நான் தட்டவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் என் பங்கு முடிந்தது. நீங்கள் வர வேண்டும். அப்புறமும் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'விளையாட்டுக்கு எழுதினதைப் போய்' என்று ஒரு வரி எழுதினால், அதை நான் எப்படிப் படிப்பேன்? அது விழாத வரைக்கும் நீங்கள் வாக்குத் தவறாதவர். அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு மாதமும் ஓடியது. அதைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு உட்கார எனக்குப் பயமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. பந்தயத்தில் தோற்றதற்காக நீங்கள் வந்து நின்றால், சோறு போடுவேன்தான், ஆனால் எனக்கு முகம் மலராது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். புரியாது என்று நினைத்தேன். 'அப்பம் கெடக்கட்டும், அவனே வந்து தட்டட்டும்' என்றார்கள். டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டு அந்தப் பெட்டியை அணைக்காமல் விட்டிருக்கிறோம். பெட்டியில் கரண்ட் இருக்கும்வரை பந்து அங்கேயே நிற்கும் என்று ஜவஹர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அத்தை அந்தக் கம்பளியைக் கொண்டுவந்து டி.வி. மேல் போர்த்தியிருக்கிறார்கள். கடைசியில் அதற்கும் ஓர் உபயோகம் வந்துவிட்டது.

இதுவரை எழுதிக்கொண்டிருந்தபோது மேலே ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது.

அடுக்களையிலிருந்து அத்தை, 'போச்சா?' என்று கேட்டார்கள். போச்சு அத்தை என்றேன். ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு, 'போனாப் போவுது. கரண்டு வரட்டும், முதல்லேர்ந்து அடிப்போம்' என்கிறார்கள். இந்த வயதில் அவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருக்கிறார்கள். நான் தயாராக இல்லை, அத்தான். எனக்கு முப்பது வயது ஆகிறது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய எதையும் இனிமேல் தனியாக ஆரம்பிக்க எனக்கு மனசு இல்லை.

ஆகவே பந்து போயிற்று, கணக்கும் போயிற்று. நீங்கள் தோற்கவில்லை, நான் ஜெயிக்கவில்லை. உங்களை எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. யோசித்து எழுதச் சொன்னீர்கள். நாங்கள் இரண்டு பேரும் யோசித்தாயிற்று. கூட்டித் தருகிற சம்பளம் வேண்டாம். ஜவஹர் தன் பட்டறையில் இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது, ஆள்தான் ஒருவர் என்று சொல்கிறார். என் சம்பளம் இருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அத்தை உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். குரல் கட்டிக்கிடக்கிறது, இனி கூப்பிட்டால் வாசல் வரைகூடக் கேட்காது. அதனால் அவர்களுக்கும் சேர்த்து நானே கூப்பிட்டுவிடுகிறேன்.

மாணிக்கவாசகம், வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கஜம்.